மிஸ்டு கால் மோசஸ்

ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் காலை ரயில் வந்து நின்றதும் இடம் பிடிக்க ஓடாத ஒரே ஆள் மோசஸ்தான். பெட்டி காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டான். கதவோரம் நிற்பான். அங்கேயும் ஒழுங்காக நிற்க மாட்டான். குட்டி போட்ட பூனை மாதிரி இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பான். நானும் அவனும் ஒரே ஊர், ஒரே கம்பெனி. நான் ஸ்டோர்ஸில், அவன் ஃபிட்டிங்கில். பக்கத்தில் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்து எத்தனையோ நாள் கூப்பிட்டிருக்கிறேன். "நீ உக்காரு நைனா" என்பான். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. எதிரில் ஒருத்தன் நடந்துகொண்டே இருந்தால் பேப்பரில் ஒரு வரி மண்டையில் ஏறாது. திட்டுவேன். சிரிப்பான், மறுபடியும் நடப்பான்.

ரயில் நகர்ந்ததும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடிப்பான். ஒரு மணி போனதும் கட் பண்ணிவிடுவான். எளாவூர் வந்தால் இன்னொரு மணி. கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் ஒன்று, சிப்காட் ரோட்டில் டீக்கடையைத் தாண்டும்போது ஒன்று, கம்பெனி கேட்டில் போனை ஒப்படைக்கும் முன் ஒன்று. சாயங்காலம் இதே கூத்து தலைகீழாக நடக்கும்.

மிஸ்டு கால் கொடுக்காதவன் எவன் என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்வது இரண்டாயிரத்து ஏழு. எல்லார் கைக்கும் போன் வந்துவிட்டது, பேசுவதற்கு டப்புதான் வரவில்லை. அடித்துவிட்டு வைத்தால் காசு போகாது. ஒரு மணி என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு மணி என்றால் ஸ்டேஷனுக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு வா. எங்கள் பக்கம் பாதிக் குடும்பம் இப்படித்தான் ஓடியது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வாட்ச்மேன் துளசிராமன் எங்கள் போன்களை ஒரு மர அலமாரியில் பொந்து பொந்தாக அடுக்கி வைத்திருப்பார். நாள் முழுக்க அந்த அலமாரி ஒவ்வொரு மணியாக அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அதெல்லாம் ஓர் அளவோடு. மோசஸுடையது வியாதி. மிஸ்டு கால் மோசஸ் என்று பேர் வைத்தவன் நான்தான். ஒரே வாரத்தில் கம்பெனி முழுக்க அதுவே ஒட்டிக்கொண்டது.

அவன் மனைவி மேரி என்னை எங்கே பார்த்தாலும் நிறுத்திவைத்துப் புலம்புவாள். "உங்க ஃபிரெண்டுக்கு நீங்களாவது சொல்லுங்கண்ணா. கொழம்பு கொதிச்சிக்கினு இருக்கும், ஓடிப்போயி எடுக்கறதுக்குள்ள மணி நின்னுபூடும். பேஜாராக்கீது."

ஒருநாள் எளாவூருக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றுபோனது. நல்ல வெயில். வயல் நடுவில் நின்ற வண்டிக்குள் காற்றே இல்லை. மோசஸ் ஒரு மணி அடித்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நெற்றியிலிருந்து வியர்வை வழிய, கீழே குதித்துத் தண்டவாளத்தோடு நடந்தே போய்விடுவான் போல இருந்தது. ஊட்டுல இன்னா நெருப்பா புடிச்சிக்கினு இருக்கு என்று நான் கத்திவிட்டேன். அன்றைக்குத்தான் அவன் குப்புராஜைப் பற்றிச் சொன்னான்.

மோசஸ் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் லைன்மேனாக இருந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். பத்தாவது முடித்த கையோடு, ஆள் எடுக்க வந்த இடத்தில் ஓடிக் காட்டிச் சேர்ந்துவிட்டான். தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை நடந்தபோது மலையில் இருந்தான். முன்னால் இருக்கிற சாவடிக்கும் பின்னால் இருக்கிற முகாமுக்கும் நடுவில் தரையோடு டெலிபோன் கம்பி ஓடும். குண்டு விழுந்தால் கம்பி அறுந்துபோகும். அறுந்தால் லைன்மேன் போயாக வேண்டும். கம்பியைக் கையில் வழியவிட்டுக்கொண்டு குனிந்தபடியே நடந்து, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, சேர்த்து முறுக்கி, கையோடு எடுத்துப்போன போனை அதில் மாட்டிக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றுவான். முகாமில் ஒரு மணி அடிக்கும். கம்பி சேர்ந்துவிட்டது, நான் திரும்பி வருகிறேன் என்று அர்த்தம். யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள்.

குப்புராஜ் திருவாலங்காட்டுக்காரன். மோசஸுக்கு ஜோடி. ஒரு மதியம் குப்புராஜ் கம்பியோடு போனான், மோசஸ் முகாமில் மணிக்காகக் காத்திருந்தான். மணி அடித்தது. அப்பாடா என்று ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, இரண்டு டம்ளரில் டீ ஊற்றி வைத்தான். ஒரு டம்ளர் டீ ஆறிப்போனது. மணிதான் அடித்துவிட்டானே, வந்துவிடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். மோசஸும் அப்படித்தான் நினைத்தான். பொழுது சாயும்போது தேடிப் போனார்கள். முகாமுக்குப் பக்கத்திலேயே ஒரு பாறைக்குப் பின்னால் குப்புராஜ் கிடந்தான். அடிபட்டது காலில்தான். ரத்தம் போய்ப் போயே செத்திருந்தான்.

"மணி அடிச்சிட்டான்னு உக்காந்துட்டேன், நைனா" என்றான் மோசஸ். "உக்காந்துட்டேன்."

ரயில் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது. அதற்கப்புறம் அவனுக்கு இடம் பிடிப்பதை விட்டுவிட்டேன். வைத்த பேரைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை, கம்பெனிப் பையன்கள் விடவில்லை.

எங்கள் கம்பெனி ஜெனரேட்டருக்கு இரும்புக் கூடு செய்கிற கம்பெனி. அந்த வருஷம் பெங்களூர்க்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து பட்டாளத்துக்காக ஒரு லாரி செய்ய எடுத்தார்கள். தெருமுனையில் நிற்கிற செல்போன் டவரை மடக்கி ஒரு லாரிமேல் ஏற்றினால் எப்படி இருக்கும், அதுதான். சண்டை நடக்கிற இடத்துக்கு லாரியை ஓட்டிப் போவார்கள். டவரை நிமிர்த்துவார்கள். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற சிப்பாய் ஒவ்வொருவன் கையிலும் ஒரு போன். எங்கே நடந்துபோனாலும் பேசலாம், எதிரி ஒட்டுக்கேட்க முடியாது.

கூடு, டவர், ஏணி எல்லாம் எங்கள் வேலை. மோசஸைத் தூக்கி இதில் போட்டார்கள். முதல் நாள் விஷயத்தைக் கேட்டதும் அவன் ஸ்டோர்ஸுக்கு வந்தான். இதில் கம்பி எங்கே வரும் என்று என்னைக் கேட்டான். கம்பியே கிடையாதாம் என்றேன். போய் லாரியைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"இது மட்டும் தேறிச்சின்னு வையி, இனிமே ஒருத்தனும் கம்பியப் புடிச்சிக்கினு போவ வேணாம்."

அதிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு போல்ட்டுக்காக ஸ்டோர்ஸில் என் உயிரை எடுப்பான். சாயங்கால ரயிலைத் தவறவிடுவான், நானும் அவனோடு சேர்ந்து தவறவிடுவேன்.

லாரிக்குள் இருக்கிற பெட்டிதான் மூளை. அழைப்பு சம்பந்தப்பட்ட பகுதியை எழுதியது ஜுவைரியா. பழவேற்காட்டுப் பெண். அவளுடைய வாப்பா ஹயாத் பாஷா அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், சரக்கெடுக்க வாரம் ஒரு முறை பட்டணத்துக்குப் போவார். ஜுவைரியா கெட்டிக்காரி, கறார். பேச்சில் ஒரு வார்த்தை அதிகமாக வராது. கேன்டீனில் ஒருநாள் நான் கேட்டபோது டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு விளக்கினாள். ஒரு சிப்பாய் இன்னொருவனைக் கூப்பிடுகிறான் என்றால், அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் பெட்டி ஒரு புதுப் பூட்டும் புதுச் சாவியும் செய்யும். பேசி முடித்ததும் சாவியை உடைத்துப் போடும். அதனால் வெளியாள் எவனாலும் கேட்க முடியாது. எடுத்துப் பேசாவிட்டால் என்ன ஆகும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. படித்தவர்கள் யோசித்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

சோதனைக்கு ஒரு கர்னல் வந்தார், கூடவே ஒரு வண்டி ஜவான்கள். ஹரியானா, கேரளா, ஒரிசா என்று ஊருக்கொருவர். கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற காலி நிலத்தில் லாரியை நிறுத்தி டவரை நிமிர்த்தினோம். ஜவான்கள் ஆளுக்கொரு போனோடு ஜீப்புகளில் பிரிந்து போக வேண்டும். எளாவூர்ப் பக்கம் ஒரு ஜீப், சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒன்று. போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து லாரியைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். கடைசியில் கர்னல் லாரியிலிருந்து எல்லோரையும் கூப்பிடுவார். பாதை காட்டுவதற்காக மோசஸை முதல் ஜீப்பில் அனுப்பினார்கள், அவன் கையிலும் ஒரு போன்.

கேட்டைத் தாண்டியதும் மோசஸ் லாரிக்கு ஒரு மணி கொடுத்தான். ரயில்வே கேட்டில் ஒன்று. வாய்க்கால் பாலத்தில் ஒன்று. யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. பக்கத்தில் இருந்த ஜவான்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் ஊரிலும் இதே பழக்கம்தான், அவர்கள் வீட்டிலும் மணிக்குக் காத்திருக்கிற பெண்கள்தான். ஒருத்தன் அடித்தான், இன்னொருத்தன் அடித்தான், பின்னால் வந்த ஜீப்பில் இருந்த தங்கள் கூட்டாளிகளுக்கும் அடித்தார்கள். லாரியில் ரிசீவர் ஒவ்வொரு முறையும் ஒரு மணி அடித்து ஓய்ந்தது. நான் பேட்டரி கொடுக்கப் போனவன் அங்கேயே நின்றிருந்தேன். நல்ல சகுனம் என்றுதான் எனக்குப் பட்டது.

போய்ச் சேர வேண்டிய நேரம் தாண்டியும் ஒரு ஜீப்பிலிருந்தும் பேச்சு வரவில்லை. கர்னல் ரிசீவரை எடுத்தார். எளாவூரைக் கூப்பிட்டார். சத்தமே இல்லை. சுண்ணாம்புக்குளத்தைக் கூப்பிட்டார். அங்கேயும் இல்லை. ஜுவைரியா பெட்டியின் திரைமேல் அப்படியே குனிந்துவிட்டாள். கர்னல் கத்தவில்லை. ரிசீவரை வைத்தார், தொப்பியை மாட்டினார். அடுத்த மாதம் ஒருமுறை வருகிறேன், அன்றைக்கும் இப்படி என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

என்ன நடந்தது என்பது ஜுவைரியாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. எடுத்துப் பேசாத ஒவ்வொரு மணிக்கும் பெட்டி ஒரு சாவியைச் செய்து, இதோ பேசுவார்கள், இதோ பேசுவார்கள் என்று கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. காத்திருந்த சாவிகளே பெட்டியை நிரப்பிவிட்டன. கர்னலுடைய அழைப்புக்குச் செய்ய இடமில்லை. பேசாமல் மணி மட்டும் அடித்தது யார் என்று கேட்டாள். ஜீப்பிலிருந்து இறங்கி வந்த மோசஸ் கையைத் தூக்கினான். முதல்ல ஆரம்பிச்சது நான்தான் என்றான்.

"இது போர்க்களத்துக்குச் செய்யற மெஷின் அண்ணா" என்றாள் அவள். "ஊட்டுக்கு மிஸ்டு கால் குடுக்கறதுக்கு இல்ல."

எனக்கு அவள்மேலும் கோபம், அவன்மேலும் கோபம். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து மோசஸ் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டான். ரயிலில் கதவோரம் நிற்பான். எளாவூர் வரும்போது கை பைக்குள் போகும், சும்மா திரும்பி வரும். முன்னைவிட வேகமாக நடந்தான். கெடுத்துட்டேன் நைனா, இது நின்னுபோச்சின்னா மறுபடியும் கம்பிதான், மறுபடியும் எவனோ ஒருத்தன் போவணும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று பார்த்தால் காதில் வாங்கினால்தானே. சோறும் சரியாகச் சாப்பிடவில்லை. கம்பெனியில் மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், சோதனைப் போனில் எவனாவது மிஸ்டு கால் கொடுத்தால் அன்றோடு அவனுக்கு வேலை இல்லை. ஜுவைரியாவும், பேசாமல் கட் பண்ணுகிற போனைப் பெட்டியே பூட்டிவிடுகிற மாதிரி எழுத ஆரம்பித்திருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் துளசிராமன் என்னைக் கேட்டுக்குக் கூப்பிட்டார். மேரி நின்றிருந்தாள். கையில் டிபன் கேரியர். மோசஸ் காலையில் சாப்பாடு எடுத்து வந்ததை நானே பார்த்தேன்.

"ஊட்டுக்காரரு உள்ள இருக்காரா அண்ணா?" என்றாள்.

இருக்கிறான், இப்போதுதான் டவர்மேல் ஏறிக்கொண்டிருந்தான் என்றேன். அவள் கேரியரைக் கீழே வைத்துவிட்டாள். துளசிராமனுடைய ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு இடைவேளையில் தன் போனைப் பார்க்க வந்த ஜுவைரியாவும் அப்போது அங்கே நின்றிருந்தாள். மோசஸுடைய மனைவி என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறியது. கொஞ்சம் தயங்கிவிட்டு மேரியிடம் கேட்டாள்.

"அந்த ஒரு மணில உங்களுக்கு இன்னாக்கா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதும்மா" என்றாள் மேரி. "இருக்காருன்னு தெரியும். மணி மேல மணியா அடிச்சி உசுர எடுக்கறாருன்னு நானே திட்டிக்கினு இருந்தேன். மூணு நாளா சத்தமே இல்ல. அரிசி களைய கை ஓடல எனக்கு."

அலமாரியில் ஒரு போன் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. துளசிராமன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்க வாப்பாதான் மேடம், பாரிஸ் கார்னர் போய்ச் சேர்ந்துட்டாரு, இன்னிக்கி சரக்கெடுக்கற நாளாச்சே என்றார். ஜுவைரியா தன் போனைக் கையில் எடுத்தாள். திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லையே. அதையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

என்னால் அடக்க முடியவில்லை. மேரி போனதும் ஜுவைரியாவை நிறுத்திவைத்துக் குப்புராஜ் கதையைச் சொன்னேன். சொன்னேன் என்ன, கொட்டினேன். அந்த ஆள் விளையாட்டுக்கு மணி அடிக்கவில்லை, அவனைப் பூட்டிப்போடத்தான் நீ மெஷின் செய்கிறாயா என்று வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன். வயதில் சின்னப் பெண், என்னைவிட நாலு படி மேலே இருக்கிற இன்ஜினியர். திருப்பித் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், குப்புராஜால் எத்தனை முறை அடித்திருக்க முடியும் என்று. கம்பி இருக்கிற இடத்தில்தானே அடிக்க முடியும், திரும்பி வருகிற வழியில் அடிக்க அவனிடம் என்ன இருந்தது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அடுத்த இரண்டு வாரம் பெங்களூர்க்காரர்களோடு அவள் போட்ட சண்டை ஸ்டோர்ஸ் வரைக்கும் கேட்டது. பூட்டுவதை எடுத்துவிட்டாள். ஒரு மணி அடித்துக் கட் பண்ணினால் அதை அழைப்பு என்று பெட்டி நினைக்காது, சாவியும் செய்யாது. இந்த ஆள், இந்த நேரம், இந்தத் திசையில், இவ்வளவு தூரத்தில் உயிரோடு இருக்கிறான் என்று மட்டும் எடுத்துக்கொண்டு திரையில் ஒரு புள்ளி வைக்கும். அந்தப் புள்ளியையும் வெளியாள் படிக்க முடியாது. கொஞ்ச நேரம் மணி வராவிட்டால் புள்ளி சிவப்பாக மாறும். அதற்குப் பிறகும் வராவிட்டால் சத்தம் போடும். அவள் யோசித்தது அவ்வளவையும் நான் சொல்லித் தெரிந்துகொண்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கோபப்பட்டதோடு சரி.

கர்னல் சொன்னபடி வந்தார். இந்த முறை ஜுவைரியா மோசஸை ஜீப்பில் அனுப்பவில்லை. நீங்கள் லாரிக்குள் இருங்கள், திரையைப் பாருங்கள் என்றாள். மோசஸுக்கு முகம் செத்துப்போய்விட்டது. எந்த இடத்தில் உட்கார்ந்ததற்காக வாழ்க்கை முழுக்க அவதிப்படுகிறானோ அதே இடத்தில் அவனைக் கொண்டுபோய் வைத்த மாதிரி இருந்தது. நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இந்த முறை ஜவான்களிடம், போகிற வழியெல்லாம் மணி கொடுத்துக்கொண்டே போங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே போனார்கள். திரையில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. எளாவூர்ப் பக்கம், வாய்க்கால் பக்கம், சுண்ணாம்புக்குளம் பக்கம். கர்னல் எல்லோரையும் கூப்பிட்டார், எல்லோரும் பேசினார்கள். கணீரென்று கேட்டது. மேனேஜர் மூச்சு விட்டார். இனி ஜீப்பை விட்டு இறங்கி அவரவர் தனியாக நடந்து திரும்பி வாருங்கள் என்று கர்னல் உத்தரவு போட்டார்.

புள்ளிகள் லாரியை நோக்கி நகர்ந்தன. ஒன்று மட்டும் நின்றது. பல்வந்த் என்கிற ஹரியானாக்கார ஜவான், சுண்ணாம்புக்குளத்திலிருந்து குறுக்கே வருகிறவன். அவனுடைய புள்ளி சிவப்பானது. கர்னல் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார், போகவில்லை. எங்காவது பீடி பிடிக்க நின்றிருப்பான், வந்துவிடுவான் என்று பக்கத்தில் இருந்த அதிகாரி சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மோசஸ் லாரியிலிருந்து குதித்துவிட்டான். யாரிடமும் கேட்கவில்லை.

"நைனா, வண்டிய எடு."

ஸ்டோர்ஸ் வேனை நான்தான் ஓட்டினேன். அவன் பக்கத்தில் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டு, இன்னும் வேகமா, இன்னும் வேகமா என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். ரோடு முடிந்த இடத்தில் ஏரியோரத்து இறால் குட்டைகள். நோய் வந்து கைவிட்ட குட்டைகள், ஆள் நடமாட்டமே கிடையாது. வெயிலில் வரப்பு வரப்பாக வெள்ளையாகக் கிடந்தது. புள்ளி கடைசியாக விழுந்த திசையை வைத்துக்கொண்டு மோசஸ் ஓடினான். என்னால் அவன் பின்னால் ஓட முடியவில்லை.

பல்வந்த் ஒரு குட்டைக்குள் கிடந்தான். இடிந்துபோன வரப்பு காலை வைத்ததும் சரிந்திருக்கிறது. ஆள் சேற்றில் இடுப்பு வரைக்கும், போன் தண்ணீருக்குள். துருப்பிடித்த இரும்பு ஒன்று தொடையைக் கிழித்திருந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. சேறு சிவந்திருந்தது. மோசஸ் தன் சட்டையைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டினான். சேற்றில் இறங்கி அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினான். அவனுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வரப்புமேல் அவனைக் கிடத்திவிட்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன்டா குப்புராஜு, வந்துட்டேன்டா" என்றான். பல்வந்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கையை விடவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். நாங்கள் கம்பெனிக்குத் திரும்பியபோது கர்னல் லாரிக்குள் நின்றிருந்தார். மோசஸிடம் கை கொடுத்தார். அப்புறம் மேஜைமேல் இருந்த ஒரு போனை எடுத்து ஒரே ஒரு மணி அடித்துக் கட் பண்ணிவிட்டு, திரையில் தன் புள்ளி விழுகிறதா என்று குனிந்து பார்த்தார். விழுந்தது. லாரியை எடுத்துக்கொள்கிறோம் என்று மேனேஜரிடம் சொன்னார். ஜுவைரியா மோசஸைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாஷ்டா கூடச் சாப்பிடாம வந்தியே, போயி சாப்புடும்மா என்று அவன் முந்திக்கொண்டான்.

சாயங்கால ரயிலில் கூட்டம் இல்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். துளசிராமன் கொடுத்த பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்துபோய், மோசஸ் கதவோரம் நின்றிருந்தான். ரயில் கிளம்பியது. அவன் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தான். பிறகு உள்ளே வந்து எனக்கு எதிரில் இருந்த சீட்டில் உட்கார்ந்தான்.

பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். திரும்பப் பார்த்தபோது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தான். எளாவூர் வந்தது, போனது. மேரி கேட்டுக்கு வந்துபோன நாளிலிருந்து மறுபடியும் வழியெல்லாம் மணி கொடுக்க ஆரம்பித்திருந்தவன், இன்றைக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அவன் சட்டைப் பையில் போன் ஒரு மணி அடித்து நின்றது. மேரி அந்தப் பக்கத்திலிருந்து அடித்து நான் கேட்டதே இல்லை. மோசஸ் அசையவில்லை. எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

என் போனை எடுத்தேன். அவன் வீட்டுக்கு அடித்தேன். ஒரு மணி போனதும் கட் பண்ணினேன்.